வலைக்கு வராத குருவி

லாரிகள் எல்லைக் கதவுக்குக் காத்துக்கிடக்கும் புசியாவில்
விடியுமுன் வலை கட்டுகிறோம்,
ஒகிரிங்கின் மக்காச்சோள மில்லுக்குப் பின்புறம்,
நானும் அயீரோவும்.

சிட்டுக்குருவி இந்த மண்ணுக்குப் புதுசு.
மொம்பாசாவில் கப்பலைவிட்டு இறங்கி
சிந்திய தானியம் பொறுக்கி
தண்டவாளம் பிடித்து, லாரி பிடித்து,
ஊருக்கொரு தகரக்கூரை பிடித்து
இங்கே வந்துசேர்வதற்குள்
என் அம்மாவின் வயசு போயிற்று.

சோதனை எளிது.
கூண்டுக்குள் தினைக் கிண்ணம்,
தினைக்குள் செருகிய
மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி.
பசித்த குருவி எத்தனை நொடியில் கிட்டே வரும்?

துறைமுகத்துக் குருவி யோசிக்கும்.
தலையைச் சாய்க்கும், கம்பியைக் கொத்தும்,
பத்து நிமிஷம் பட்டினி கிடக்கும்.
புசியாக் குருவி
கரண்டி மேலேயே ஏறி உட்காரும்.

நாற்பத்தேழாம் எண்: பதினொரு நொடி.
இடது காலில் சிவப்பு வளையம்.

இறக்கைக்கு அடியில் ஒரு குத்து, ஒரு துளி.
துளிக்குள் காவலாளிகள்
கூட்டமாய் நிற்கிறார்கள் என்றது
நைரோபியிலிருந்து வந்த தாள்.
தெரியாத தானியத்தைத் தின்கிற வாய்க்குள்
தெரியாத கிருமியும் விருந்துக்கு வரும்தானே.
காவல் இருந்ததால் துணிந்ததா,
துணிந்ததால் காவல் கூடிற்றா?
அயீரோ கேட்டாள்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு செத்த கிருமியின் தோலை மட்டும்
ஊசியில் ஏற்றினோம்.
நோய் இல்லை, நோய் வந்த சேதி மட்டும்.
இரத்தம் மூளைக்குச் சொல்ல,
மூளை ஒவ்வொரு விளக்காக அணைக்க,
இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தேழு
சிறகு உப்பிய ஒரு பஞ்சுருண்டை.
கரண்டி அங்கேயேதான் இருந்தது.
உலகம்தான் இல்லை.

மறுநாள் காலை
கரண்டி மேல் எச்சம்.

வியாழக்கிழமை எனக்கு மலேரியா.
தார்ப்பாய் போர்த்திய ஒரு லாரி வந்து
தெருவே திரண்டு நின்றதாம்.
அயீரோ மூச்சுவாங்க ஓடிவந்து
"வந்து பாரேன்" என்றாள்.
பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு எவ்வளவு என்று
கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் நான்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கம்பளிக்குள் முழங்காலை மடக்கி
உப்பிக் கிடந்த மூன்று நாளில்
நாற்பத்தேழு உலர்பனிப் பெட்டியில்
நைரோபிக்குப் போய்விட்டது.
கிமாயோவுக்கு அதன் மூளை வேண்டும்,
மெல்லிய சீவல்களாக.
யார் கையால் என்று
நான் கேட்கவில்லை.
கேட்கத் தோன்றாதது காய்ச்சலாலா என்று
இன்றுவரை தெரியவில்லை.

நான்காம் நாள் வாய் கசந்துகொண்டே கேட்டேன்:
"அந்தத் தார்ப்பாய்க்குள் என்ன?"
அயீரோ என் நெற்றியைத் தொடக்கூட இல்லை.
"பிழைத்துக்கொண்டாய்" என்றாள்.
ராட்டினக் குதிரைகளாம், பதினாறு.
ஒன்றுக்குத் தலை இல்லையாம்.

நடக்கத் தெம்பில்லாமல்
மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அன்றுதான் பார்த்தேன்.
தகர விளிம்பில் ஒரு குருவி.
வளையம் இல்லை.
வலையைப் பார்க்கிறது, எங்களைப் பார்க்கிறது,
வலையைச் சுருட்டி நாங்கள் நகர்ந்த பிறகு
இறங்கி மாவு தின்கிறது.
ஒகிரிங் சொன்னார்:
"அதுவா? நீங்கள் வந்த நாளிலிருந்து அப்படித்தான்."

குறிப்பேட்டில் நூற்றுப்பன்னிரண்டு குருவிகள்.
நூற்றுப்பன்னிரண்டும்
வலைக்கு வந்தவை.
புட்டிகளில் உறைந்திருப்பது
அகப்பட்டதின் இரத்தம் மட்டுமே.
இதுவும் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைதான்,
இதுவும் இந்த எல்லை வரைக்கும் வந்திருக்கிறது,
எதையும் முதலில் தொடாமல்.
இதன் துளிக்குள் யார் நிற்கிறார்கள்?

கிமாயோ திட்டுவார். இருந்தாலும் எழுதினேன்:
எண் இல்லை. எடை இல்லை. கூரை மேல்.
கரண்டிக்கு வர எடுத்த நேரம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அது அப்போதும்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.